வழியில் போகும் நாள் யாருடையது?

கோவையில் தனியாளாக எரிசக்தித் தணிக்கை, அதாவது ஆலைகளில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை, செய்கிற ஒருவருக்குப் புனே பக்கத்து பவுண்டரி ஒன்றில் வேலை கிடைக்கிறது. இரண்டு நாள் வேலை. போக ஒரு நாள், வர ஒரு நாள். நாளுக்கு 15,000 ரூபாய் பேசியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பில் 30,000. அதை இரண்டால் வகுத்து மகிழ்கிறவர் தொழிலுக்குப் புதியவர். நான்கால் வகுத்து, ‘நாளுக்கு 7,500தானா’ என்று தலையைச் சொறிகிறவர் நாலைந்து வருடம் அலைந்தவர்.

பெரிய ஆலோசனை நிறுவனத்தின் ஊழியர் இதே வேலைக்குப் போனால், விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கும் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் செலவை நிறுவனம் நூறு பில்களில் கரைத்துவிடும். தனி ஆலோசகருக்குக் கரைக்க இடமில்லை. வழியில் போகிற நாளை வாடிக்கையாளர் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு பில் போட ஆலோசகருக்கும் கூச்சம். கடைசியில் அந்த நாள் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது.

‘நேரில் போவதா, வீட்டிலிருந்தே செய்வதா’ என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி மாதச் சம்பளக்காரர்களுக்கானது. நெரிசல், குழந்தைகள், முதுகுவலி என்று போகும். தனித் தொழில் செய்கிறவருக்குக் கேள்வியே வேறு. வேலையில் எந்தப் பகுதிக்கு ஆள் போயே தீர வேண்டும்? போய்வரும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது?

2020 மார்ச் 25 அன்று நின்ற உள்நாட்டு விமானச் சேவை மே 25இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இரண்டு மாதத்தில், போகாமலே என்னென்ன செய்யலாம் என்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் பில் கேட்ஸ், தொழில்முறைப் பயணத்தில் பாதிக்கு மேல் காணாமல் போகும் என்றார். போகவில்லை. உலகத் தொழில்முறைப் பயணச் செலவு 2019இல் சுமார் 1.43 லட்சம் கோடி டாலர். 2024இல் அந்த அளவைத் தாண்டிவிட்டது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் இன்னும் குறைவுதான். ஆனாலும் பாதி காணாமல் போன உலகமாக அது தெரியவில்லை.

பயணம் ஏன் திரும்பி வந்தது என்பதற்கு என் தொழிலான எரிசக்தித் தணிக்கையிலிருந்தே ஓர் உதாரணம். தொழிற்சாலைகளில் மின்சாரத்தைத் தின்னும் பெரிய விஷயங்களில் ஒன்று, காற்றை அழுத்திக் குழாய் வழியே இயந்திரங்களுக்கு அனுப்பும் ஏர் கம்ப்ரசர். பராமரிப்பு சரியில்லாத ஆலையில், அழுத்திய காற்றில் 20 முதல் 30 சதவீதம் குழாய் இணைப்புகளிலும் வால்வுகளிலும் கசிந்தே போய்விடும். கசிவு எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். சாப்பாட்டு இடைவேளையில் காற்று வாங்கும் எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓட விட வேண்டும். அது ‘லோடு’ ஆகிக் காற்றை அழுத்தும் நேரத்தையும் ‘அன்லோடு’ ஆகி அழுத்தாமல் இருக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிடம் லோடு, ஆறு நிமிடம் அன்லோடு என்றால் எட்டில் இரண்டு பங்கு, அதாவது கம்ப்ரசர் தரும் காற்றில் 25 சதவீதம், கசிவு. யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோது அந்த இரண்டு நிமிடம் அது ஊதியதெல்லாம் வீண்தானே.

இதற்கு நான் போக வேண்டியதில்லை. ஆலையின் எலக்ட்ரீசியன் போனில் சொன்னால் போதும். மின் கட்டண பில், மீட்டர் அளவுகள், கம்ப்ரசரின் பதிவேடு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அறிக்கையில் பாதியை வீட்டு மேஜையிலேயே எழுதிவிடலாம். ஆனால் எங்கே கசிகிறது என்பதைக் காதுதான் சொல்லும். ஏன் கசிகிறது என்பதை ஆட்கள்தான் சொல்வார்கள். ஷிப்ட் முடிந்ததும் சட்டையில் படிந்த தூசியை ஏர் ஹோஸால் ஊதிக்கொள்ளும் வழக்கம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பத்து வருடத்துக்கு முன்னால் அழுத்தம் பத்தவில்லை என்று ஒருவர் செட்டிங்கை ஏற்றி வைத்துவிட்டுப் போனதை மேனேஜர் அறிய மாட்டார். அது டீக்கடையில், “சார், அது அப்போ வெச்சதுங்க, யாரும் தொடறதில்ல” என்று வெளியே வரும். அழுத்தம் ஒரு ‘பார்’ (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்தால் மின்சாரம் ஆறேழு சதவீதம் மிச்சம். அறிக்கையின் விலையே அந்த டீயில்தான் இருக்கிறது.

மென்பொருள்காரர்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். ஈஆர்பி, அதாவது கம்பெனியின் கணக்கு, இருப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள், அமைத்துக் கொடுக்கும் நண்பர்களைக் கேட்டால், கட்டமைப்பு வேலை முழுவதும் வீட்டிலிருந்தே முடியும் என்பார்கள். ஆனால் முதல் வாரம் மட்டும் போய் உட்கார வேண்டும் என்பார்கள். காரணம், ஸ்டோர்ஸில் இருக்கும் பெரியவர் சட்டைப் பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டு. கம்பெனியின் உண்மையான இருப்புக் கணக்கு அதில்தான் இருக்கிறது. வீடியோ காலில் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. மேனேஜர் சொல்கிற முறைப்படி மென்பொருள் அமைந்துவிடும், பிறகு ஆறு மாதம் ‘சிஸ்டம் சரியில்லை’ என்று புகார் வரும்.

ஆராய்ச்சியும் ஏறக்குறைய இதையே வேறு வழியில் சொல்கிறது. 2022இல் ‘நேச்சர்’ இதழில் மெலனி பிரக்ஸ், ஜொனாதன் லெவாவ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஜோடி ஜோடியாக ஆட்களை உட்கார வைத்துப் புதிய யோசனைகள் கேட்டார்கள். சிலர் நேரில், சிலர் வீடியோவில். ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்ல, ஐந்து நாடுகளில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பொறியாளர்களிடமும் செய்து பார்த்தார்கள். வீடியோவில் பேசியவர்களுக்குக் குறைவான யோசனைகளே வந்தன. கண் திரைக்குள் அடைபட்டால் எண்ணமும் அடைபடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். கிடைத்த யோசனைகளில் எது நல்லது என்று தேர்ந்தெடுப்பதில் மட்டும் வீடியோக்காரர்கள் சளைக்கவில்லை. என் கணக்கில் இதன் பொருள்: பிரச்சினை என்னவென்று தேடும் கூட்டத்துக்கு நேரில் போ, எதைச் செய்யலாம் என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு லிங்க் அனுப்பு. நடைமுறையில் பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘பைனல் பிரசன்டேஷனுக்கு’ கோட்டு மாட்டிக்கொண்டு விமானம் ஏறுவார்கள்.

இன்னொரு ஆய்வும் உண்டு. மிக்கேலே கோஷா, ஃபிராங்க் நெஃப்கே, ரிக்கார்டோ ஹவுஸ்மன் மூவரும் 2020இல் வெளியிட்டது. மாஸ்டர்கார்டின் பெயர் நீக்கிய தொழில்முறைப் பயணத் தரவுகளை வைத்து, எந்த நாட்டிலிருந்து ஆட்கள் எங்கே போனார்களோ அங்கே அந்த நாட்டின் தொழில்கள் வளர்ந்ததைக் காட்டினார்கள். தொழில்முறைப் பயணமே அடியோடு நின்றால் உலகப் பொருளாதாரம் 17 சதவீதம் சுருங்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அது உத்தேசக் கணக்கு. எழுதி அனுப்ப முடியாத அறிவு ஆளோடு சேர்ந்துதான் ஊர் போகிறது என்பதே அதன் சாரம்.

சரி, போக வேண்டியதற்குப் போகிறோம். இனி பில். தனி ஆலோசகர் அதிகம் நஷ்டப்படுவது இங்கேதான், அதுவும் யாரும் ஏமாற்றாமலே.

மேலே சொன்ன புனேக்காரர் விமானம், அறை, டாக்சி எல்லாம் தன் கைக்காசில் 18,000 ரூபாய் செலவழித்துவிட்டு, கட்டணம் 30,000உடன் சேர்த்து 48,000க்கு ஒரே பில் போடுகிறார். வேலையின் பொருட்டு ஆகும் செலவும் சேவையின் மதிப்பில் சேரும் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு. ஆகவே முழு 48,000க்கும் 18 சதவீதம். 5 சதவீத வரியோடு வாங்கிய எகானமி டிக்கெட் இவர் பில்லுக்குள் நுழைந்ததும் 18 சதவீதப் பொருளாகிவிடுகிறது. வாடிக்கையாளர் ஜிஎஸ்டி பதிவுள்ளவர் என்றால் அதை வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார், சண்டை வராது. ஆனால் இவர் தமிழ்நாட்டில் பதிவு செய்தவர். புனே ஹோட்டலில் கட்டிய வரி மகாராஷ்டிரத்தின் கணக்கு. ஹோட்டல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சேவை நடந்ததாகச் சட்டம் கொள்கிறது. அந்த வரியை இவர் திரும்ப எடுக்க வழியில்லை. விமான டிக்கெட் அப்படியல்ல. எடுக்கும்போதே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால், பதிவு எந்த மாநிலமோ அங்கே வரவு கிடைக்கும். எண்ணைக் கொடுக்க மறந்துவிட்டுப் பிறகு விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பவர்கள் என் நண்பர்களில் மூன்று பேர்.

அடுத்தது டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. 1961 வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் பிடிப்பார்கள். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதன்மேல் பிடிக்க மாட்டார்கள். ஆனால் செலவு? பில்லில் சேர்த்துக் கேட்ட செலவைக் கழித்துவிட்டுப் பிடிக்கக் கூடாது என்று நேரடி வரிகள் வாரியம் 1995 ஆகஸ்ட் 8இல் வெளியிட்ட 715ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. வாடிக்கையாளரின் கணக்காளர் அதைத்தான் பின்பற்றுவார். செலவுக்கு மட்டும் ரசீதுகளோடு தனியாக ஒரு பில் கொடுத்தால் பிடிக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பாயங்கள் சொன்னதுண்டு. ஒரே பில் போட்ட நம் ஆளுக்கு, அந்த வாடிக்கையாளரிடம் வாங்குவது ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், ஹோட்டல்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பணத்திலும் 1,800 ரூபாய் பிடிபட்டு, அடுத்த வருடம் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை அரசாங்கத்திடம் தூங்கும்.

இதைவிட ஆழமான குழி அதே சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு. 2016 நிதிச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. பொறியியல், கணக்கு, சட்டம், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில்களில் இருப்பவர், கணக்குப் புத்தகம் எதுவும் வைக்காமல், மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டிவிடலாம். மீதிப் பாதி செலவு என்று அரசே ஒப்புக்கொள்கிறது. ஒரு லேப்டாப்பும் இணைய இணைப்பும் மட்டும் வைத்து வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு இது சீதனம் மாதிரி. அவருக்கு உண்மையில் ஆகும் செலவு பத்துப் பதினைந்து சதவீதம், கழிவோ ஐம்பது. பயணக்காரருக்கு அப்படியே தலைகீழ். பில்லில் சேர்த்து வாங்கிய 18,000 ரூபாயும் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் பட்டியலில் வரவாக நிற்கும். அதில் பாதி, 9,000 ரூபாய், அவர் சம்பாதித்ததாக ஆகிவிடும். தன் கையிலிருந்து செலவழித்ததைத் திரும்ப வாங்கியதற்கு வருமான வரி! 2026 ஏப்ரல் முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, இந்தப் பாதிக் கணக்கு அப்படியேதான்.

வரிச் சட்டம் வீட்டிலிருந்து வேலை செய்வதை ஊக்குவிக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஆனாலும் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது.

இதற்கு நடைமுறையில் ஒரு எளிய மருந்து உண்டு: டிக்கெட்டையும் அறையையும் வாடிக்கையாளரே தன் பெயரில் போட்டுக் கொடுப்பது. பணம் நம் பில் வழியாக வரவே வராது. பக்க விளைவு, அவர்களுடைய அட்மின் ஆள் இருப்பதிலேயே மலிவான விடியற்காலை விமானத்தைப் பிடிப்பார், அறை ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும். பரவாயில்லை, ஒரு ராத்திரித் தூக்கம்தானே என்று நான் ஏற்றுக்கொள்கிறேன். ஐம்பதைத் தாண்டிய சிலர் ஏற்பதில்லை, அவர்களையும் குறை சொல்ல முடியாது.

செலவு தீர்ந்தது. நாள் தீரவில்லை. வழியில் போகும் நாளுக்கு மூன்று விதமாகக் கேட்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து முழுக் கட்டணம் கேட்பவர்கள், அந்தத் துறையில் நாலு பேர்தான் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் கேட்கிறார்கள். எல்லாம் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை பேசுகிறவர்கள் விமானக் கட்டணம் ஏறினால் மாட்டிக்கொள்வார்கள். போகிற வருகிற நாளுக்கு அரைக் கட்டணம் என்பது நடுவழி. புனேக்காரர் அப்படிக் கேட்டிருந்தால் 45,000 வந்திருக்கும், நாளுக்கு 11,250. இரவு ரயிலில் ஏறி நாளையே மிச்சம் பிடிக்கிற வழி சென்னைக்கும் கோவைக்கும் இடையில் நன்றாகவே நடக்கிறது. சேரன் எக்ஸ்பிரஸில் படுத்தால் காலையில் வேலைக்குப் போய்விடலாம், அறை வாடகையும் இல்லை. 2023 ஏப்ரலில் வந்தே பாரத் வந்தபோது ஆறு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். என்னைக் கேட்டால் பகலில் ஆறு மணி நேரம் என்பது இரவில் எட்டு மணி நேரத்தைவிட நீளம்.

எல்லை தாண்டினால் கணக்கு இன்னும் கூர்மையாகும். அமெரிக்காவின் பி-1 என்ற தொழில்முறைப் பயண விசாவில் போய்ப் பேசலாம், ஒப்பந்தம் போடலாம், மாநாட்டில் உட்காரலாம், அங்கே வேலை பார்க்கக் கூடாது. கோடு எங்கே என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. 2013இல் இன்ஃபோசிஸ் நிறுவனம் பி-1 பயன்பாடு குறித்த வழக்கை முடிக்க 3.4 கோடி டாலர் கட்டியது, குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலே. பெரிய கம்பெனிக்கு வழக்கறிஞர் படை இருக்கிறது. தனி ஆள் விமான நிலைய அதிகாரியிடம் ‘மீட்டிங்’ என்று சொல்லிவிட்டுப் பையில் கருவிகளோடு நிற்பது வேறு விஷயம். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். வரியும் நாளைத்தான் எண்ணுகிறது. தனித்தொழில் நிபுணருக்கு அந்த நாட்டில் நிரந்தர இடம் ஏதும் இல்லாவிட்டாலும், ஓர் ஆண்டில் 90 நாளை எட்டிவிட்டால் அங்கே வரி கட்ட நேரும் என்பது இந்தியா அமெரிக்காவோடு செய்துகொண்ட இரட்டை வரி ஒப்பந்தத்தின் விதி. ஜெர்மனியோடு 120 நாள். கோவையில் உட்கார்ந்து அனுப்புகிறவருக்கு இந்த எண்ணிக்கை தொடங்குவதே இல்லை. ஜிஎஸ்டியிலும் அது ஏற்றுமதி, உறுதிப் பத்திரம் கொடுத்துவிட்டால் வரியில்லாமலே பில் போடலாம்.

உலக வணிகத்தின் மொழியிலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் சேவை வணிக ஒப்பந்தம், சேவை எல்லை தாண்டும் வழிகளை நான்காகப் பிரித்தது. முதலாவது, சேவை மட்டும் போவது. நான்காவது, ஆளே போவது. முப்பது வருடமாக இந்தியா நான்காவது கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது, மற்ற நாடுகள் அதைத்தான் சாத்தி வைக்கின்றன. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில், யோகா ஆசிரியர்கள், சமையல் கலைஞர்கள், இசைக் கலைஞர்கள் என்று ஆண்டுக்கு 1,800 பேருக்கு இடம் கிடைத்தது. பட்டியலைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியான பட்டியல்தான். தோசையை லிங்க்கில் அனுப்ப முடியாது.

வீட்டிலிருந்தே எல்லாம் செய்துவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பி வழியாக மட்டும் தெரிகிற ஆலோசகரை வாடிக்கையாளர் கம்பி வழியாகக் கிடைக்கும் எல்லோரோடும் ஒப்பிடுவார். இந்தூரில் ஒருவர் பாதி விலைக்குச் செய்கிறாரே என்பார். அடுத்த வேலையும் திரையில் வராது. எனக்கு வந்த வேலைகளில் முக்கால்வாசி, ஒரு ஆலையில் நிற்கும்போது பக்கத்து யூனிட் ஓனர் எட்டிப் பார்த்து, “நம்மளுதையும் ஒருக்கா பாத்துட்டுப் போங்க” என்றதில் வந்தவை. அதை எந்தச் செலவுக் கணக்கில் எழுதுவது?

வசூலுக்காகப் போகிற பயணம் மட்டும் தேவையில்லாதது. நேரில் போய் அக்கவுண்ட்ஸ் அறையில் உட்கார்ந்தால்தான் செக் வரும் என்று ஒரு காலம் இருந்தது. இப்போது உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான அரசின் இணையப் பதிவைச் செய்துகொண்ட ஆலோசகர் குறுநிறுவனம் ஆகிறார். 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி அவருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். அதையும் தாண்டி வைத்திருந்தால், 2023 நிதிச் சட்டம் 1961 வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) விதிப்படி, வாடிக்கையாளர் அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் தன் வருமானத்தில் கழிக்க முடியும். மார்ச் மாதம் பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்து அனுப்பினால் பல இடங்களில் போன் செய்யக்கூடத் தேவைப்படுவதில்லை. பதிவுக்குக் கட்டணமும் கிடையாது.

போன வருடம் ஓசூரில் ஓர் ஆலை. கசிவு 25 சதவீதம் என்று போனிலேயே கண்டுபிடித்தாகிவிட்டது. எங்கே என்பதையும் போகாமலே பார்த்துவிடலாம் என்று எனக்கு ஆசை. எலக்ட்ரீசியன் தம்பி வீடியோ காலில் போனைப் பிடித்துக்கொண்டு குழாய் ஓரமாகவே நடந்தார்.

“சார், இங்க உஸ்ஸுனு சத்தம் வருது, கேக்குதுங்களா?”

கேட்கவில்லை. தம்பியின் குரல் கண்ணாடி மாதிரி கேட்டது, அவருக்குப் பின்னால் ஆலையே இல்லாதது போல. விசிறி, ஏசி மாதிரி ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று வடிகட்டிவிடுவதுதான் இந்த ஆப்களின் பெருமை. கசிவும் ஒரே சீரான ஒலிதான். நான் எதைத் தேடினேனோ அதை மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கொடுத்தது.

திங்கட்கிழமைக்கு ரயில் டிக்கெட் போடச் சொன்னேன். போகிற நாளுக்கும் வருகிற நாளுக்கும் அரைக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. இந்த முறை கூச்சப்படாமல் அதைப் பில்லில் தனியாகவே எழுதினேன்.